தரவுத்தளப் பதிப்பு மாற்றமும் அதற்கான ஆயத்தமும்

முன்னாளில் ஓர் அலுவலகத்தின் உயிர் அதன் பேரேடுகளில் இருந்தது. கல்லூரிக்குச் சேர்விடாப்பு, கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்கேடு, வைத்தியசாலைக்கு நோயாளர் பதிவேடு, துறைமுகத்துக்குக் கப்பல் வரவேடு என ஒவ்வொன்றுக்கும் தடித்த அட்டையிட்ட புத்தகம் ஒன்று இருந்தது. அப்புத்தகங்களின் இடத்தை இன்று பெரும்பாலும் தரவுத்தளங்கள் பிடித்துக்கொண்டன. பல மேசைகளிலிருந்து ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் வருவோரை ஒழுங்குபடுத்தி, எழுதியதை வட்டிற் பத்திரப்படுத்தி, கேட்டதை நொடியில் எடுத்துக்கொடுக்கும் மென்பொருளையே தரவுத்தள வழங்கி என்கின்றோம். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் ஆகிய இரண்டும் இவ்வினத்துள் விலையின்றிக் கிடைப்பவை. ஆதலின் சிறிய நிறுவனங்கள் பலவும் இவற்றை நம்பியிருக்கின்றன.

இவ்வழங்கிகளுக்கும் ஆயுளுண்டு. போஸ்ட்கிரஸ் ஆண்டுக்கொரு பெரும்பதிப்பாக வெளிவருகின்றது. ஒவ்வொரு பெரும்பதிப்பும் ஐந்தாண்டு பேணப்படுகின்றது. அதன்பின் அதிற் புதிதாகக் காணப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. மைஎஸ்கியூஎல்லின் 5.7ஆம் பதிப்பு அவ்வாறே 2023 ஒக்டோபரில் ஆதரவிழந்தது. இடையிடையே வரும் சிறுபதிப்புகளால் தொல்லையில்லை. வழங்கியை நிறுத்தி, மென்பொருளை மாற்றி, மீண்டும் தொடக்கினாற் போதும். பெரும்பதிப்பின் செய்தி வேறு. வட்டில் எழுதும் முறையும் உள்ளமைப்பும் அதில் மாறிவிடுகின்றன. பழைய வழங்கி எழுதிவைத்த கோப்புகளைப் புதிய வழங்கி அப்படியே திறந்து படிக்கமாட்டாது. ஏடுகள் யாவற்றையும் வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோதல் போன்றது இம்மாற்றம்; அதுவும் அலுவலகம் நடந்துகொண்டிருக்கும்போதே.

அப்படியாயின், ஓடுகின்ற வழங்கியை ஏன் தொடவேண்டும் என்று கேட்போர் உண்டு. அவர்கள் நம் நாட்டிலே 2023இல் நடந்ததை நினைத்தல் நலம். அவ்வாண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள் இலங்கை அரச முகிற்கணிமைத் தொகுதியைப் பணம்பறிக்கும் நச்சுநிரலொன்று தாக்கியது. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடங்கும். மூலக் கோப்புகளும் அவற்றின் அருகிலேயே இருந்த பிரதிகளும் ஒருங்கே பூட்டப்பட்டன. தொடர்பற்ற ஓரிடத்தில் தனியே வைத்த பிரதி இல்லாமையால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அக்கடிதங்களைத் தன் தரவுத்தளத்தில் வைத்துக் காத்துவந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ் வழங்கியின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அப்பதிப்புக்கான ஆதரவோ 2023 ஏப்ரல் 11ஆம் நாளே முடிந்துவிட்டது. 2021 முதல் புதிய பதிப்புக்கு மாற எண்ணியிருந்தும் நிதிக்குறை முதலிய காரணங்களால் அது தள்ளிப்போயிற்றென்று பொறுப்பான முகவர் நிலையம் பின்னர் தெரிவித்தது. எரிபொருள் வாங்கவே அந்நியச் செலாவணியின்றி 2022இல் நாடு தவித்ததை அறிந்த நாம் இதில் எவரையும் எளிதிற் பழிக்க முடியாது. எனினும் தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலையுண்டு என்பதும், அவ்விலை வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்படுவதில்லை என்பதும் தெளிவு.

அஞ்சித் தள்ளிப்போடுதல் ஒரு கேடு. ஒழுங்கறியாது தொடங்குதல் மற்றொன்று. இதற்கு எடுத்துக்காட்டுத் தேடித் தூரம் போகவேண்டியதில்லை. நம் துறைமுகத்திலேயே, கணினி என்ற சொல் பிறவாத காலத்தில், அது நடந்தது.

1944 ஓகஸ்ட் 8ஆம் நாள் பிரித்தானியக் கடற்படையின் 'வேலியண்ட்' என்னும் பெரும் போர்க்கப்பலைத் திருகோணமலையிலிருந்த மிதக்கும் உலர்துறையில் ஏற்றினர். மிதக்கும் உலர்துறை என்பது நீர்த்தொட்டிகளையுடைய பெரியதொரு தளம். தொட்டிகளில் நீரை நிரப்பினால் தளம் தாழும். கப்பலை உள்ளே விட்டு நீரை இறைத்தால் கப்பலைத் தாங்கிக்கொண்டு மேலெழும். எந்தத் தொட்டியை எப்போது இறைப்பது என்பதே அதன் உயிர்நிலை. அன்று கப்பலின் பாரம் பகிர்ந்திருந்த முறைக்கு ஒவ்வாத ஒழுங்கில் தொட்டிகள் இறைக்கப்பட்டன. குண்டும் வெடிமருந்தும் இறக்கப்படாது கப்பலில் நிறைந்திருந்தமை நிலைமையை மேலும் மோசமாக்கியது. உலர்துறையின் முதுகு முறிந்து அது மூழ்கிற்று. கப்பலின் உட்புறச் சுழல்விசிறிகள் இரண்டும் ஒரு சுக்கானும் இறுகிப்போயின. ஆயினும் கப்பல் மூழ்கவில்லை. கொதிகலன்களில் நீராவி அணையாது இருந்தமையால் அது தன்னைத் தான் காத்துக்கொண்டது. பின்னர் நேராகச் செல்லவும் இயலாத நிலையிற் சுவெஸ்வரை சென்றது; கால்வாயினுள் நுழைய முடியவில்லை.

பெரும்பதிப்பு மாற்றத்தைத் திட்டமிடுவோருக்கு வேண்டியவை பலவும் இந்நிகழ்ச்சியில் உள்ளன. வேலையின் ஒழுங்கைக் கணித்துவைத்தல் வேண்டும். இறக்கக்கூடிய பாரத்தை முன்னமே இறக்கிவிடல் வேண்டும். யாவற்றினும் முக்கியமாக, புதியது நிலைபெறும்வரை பழையதன் நீராவியை அணையவிடலாகாது. திட்டத்தின் பெரும்பகுதி முன்னே போவதைப் பற்றியது என்று பலர் எண்ணுவர். நம் கருத்தில், அதன் பெரும்பகுதி திரும்பி வரும் வழியைப் பற்றியதாகவே இருத்தல் வேண்டும்.

போகும் வழிகள் போஸ்ட்கிரஸில் மூன்று. முதலாவது, தரவு அனைத்தையும் எழுத்து வடிவில் வெளியே இறக்கிப் புதிய வழங்கியில் மீள ஏற்றுதல். மிகப் பழையதும் மிகத் தூயதுமான வழி இது. ஆனால் தரவு பெருகப் பெருக நேரமும் பெருகும். சில ஆயிரம் மாணவரின் பதிவுகளையுடைய ஒரு கல்லூரிக்கு இதைவிட வேறு வழி தேவையில்லை என்பது நம் துணிபு. இரண்டாவது, அதற்கென அமைந்த மேம்படுத்து கருவியைக்கொண்டு கோப்புகளை இருந்தபடியே புதிய அமைப்புக்கு மாற்றுதல். இதில் இரு முறைகள் உள. கோப்புகளைப் பிரதிசெய்து மாற்றினால் வட்டில் இருமடங்கு இடம் வேண்டும். பழையது பழுதுறாது இருக்கும். பிரதிசெய்யாமல் இணைப்பு முறையில் மாற்றினால் பெருந்தரவும் சில நிமிடங்களில் மாறிவிடும். ஆனால் புதிய வழங்கியை ஒருமுறை தொடக்கியபின் பழையதைப் பத்திரமாகத் தொடக்க இயலாது. வேகத்துக்கு ஆசைப்பட்டு இதைத் தேர்வோர் தாம் வந்த பாலத்தைத் தாமே எரிக்கின்றனர் என்பதை அறிந்து தேர்தல் வேண்டும். மூன்றாவது, பழைய வழங்கி ஓடிக்கொண்டிருக்கவே அதில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் புதியதற்கு உடனுக்குடன் அனுப்பி, இரண்டும் சமமானபின் வாடிக்கையாளரைப் புதியதன் பக்கம் திருப்புதல். இடைநிறுத்தம் மிகக் குறைவு. வேலை மிக அதிகம். 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் இவ்வசதி வழங்கியினுள்ளேயே உண்டு. ஆயினும் அட்டவணைகளின் அமைப்பில் இடையிற் செய்யும் மாற்றங்கள் இவ்வழியே தாமாகச் செல்வதில்லை. ஆதலின் அக்காலத்தில் எவரும் புதிய நிரல் சேர்த்தலாகாது.

மைஎஸ்கியூஎல் 5.7இலிருந்து 8.0க்கு மாறுவோர் அறியவேண்டியது, அங்கே பின்னோக்கிய வழி அடைக்கப்பட்டுள்ளது என்பதாகும். மாறியபின் அதே கோப்புகளைக்கொண்டு 5.7க்குத் திரும்ப முடியாது. மாற்றத்துக்கு முன் எடுத்த பிரதியே துணை. அன்றியும் 5.6இலிருந்து நேரே 8.0க்குத் தாவவும் இயலாது, 5.7இல் ஒருமுறை இறங்கிச் செல்லல் வேண்டும். சிறு செய்திகள் சிலவும் காலை வாரும். 'ராங்க்' என்னும் ஆங்கிலச் சொல் 8.0இல் வழங்கியின் சொந்தச் சொல்லாக ஒதுக்கப்பட்டுவிட்டது. வகுப்பில் மாணவன் பெற்ற நிலையைக் குறிக்கும் நிரலுக்கு அதே பெயரை இட்டிருக்கும் புள்ளிப்பட்டியல்கள் எத்தனை என்பதைப் பாடசாலை மென்பொருள் எழுதியோர் எண்ணிப்பார்க்கலாம்! அம்மென்பொருள் மாற்றத்துக்கு மறுநாள் முதற் கேள்வியிலேயே பிழையென்று நிற்கும். தொகுத்துக் கேட்ட விடைகள் முன்பு தாமாகவே வரிசைப்பட்டு வந்தன, 8.0இல் அவ்வழக்கமும் ஒழிந்தது. வரிசை வேண்டுமெனில் வாய்திறந்து கேட்கவேண்டும்.

தமிழ்ப் பெயர்களை ஏட்டிற் கொண்டோர் தனியே கவனிக்கவேண்டிய பகுதி ஒன்றுண்டு. வெளிநாட்டார் எழுதிய கைந்நூல்களில் இது பெரும்பாலும் இராது. ஆகையால் இங்கே சற்று விரித்துரைப்போம்.

கணினி ஒவ்வோரெழுத்தையும் எண்ணாகவே வைத்துக்கொள்கின்றது. யூனிக்கோட்டில் ஒரு தமிழ்க் குறியீடு, யூடிஎஃப்-8 முறைப்படி எழுதுங்கால், மூன்று பைட்டு இடம் கொள்ளும். மைஎஸ்கியூஎல்லோ 5.7 வரை, கேளாதவர்க்கெல்லாம் இலத்தீன்-1 என்ற ஐரோப்பிய எழுத்துமுறையையே தந்துவந்தது. பல செயலிகள் தமிழை யூடிஎஃப்-8 ஆக அனுப்பின. வழங்கியோ அதை இலத்தீன் எழுத்தென நம்பி வாங்கி வைத்தது. கேட்டபோது அவ்வாறே திருப்பிக் கொடுத்தது. இரு பக்கத்துப் பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ள, திரையிலே தமிழ் ஒழுங்காகத் தோன்றிற்று. 8.0இல் இயல்புமுறை நாலு பைட்டு யூனிக்கோட்டாக மாறியதும் ஒரு பக்கத்துப் பிழை மட்டும் திருந்துகின்றது. உடனே மற்றதன் மூடுதிரை விலகிவிடுகின்றது. 'கனகசபை' என்ற பெயர் பொருளற்ற ஐரோப்பியக் குறிகளின் கோவையாய் நிற்கும். அது மருந்துள்ள நோய். பைட்டுகள் அழியவில்லையாதலின் முறையறிந்து மீட்கலாம். மருந்தில்லாத நோய், மாற்றும்போது எழுத்துக்கு ஈடு காணாமல் வழங்கி கேள்விக்குறியை எழுதிவிடுவது. பத்துப் பெயர்கள் பத்து வரிசைக் கேள்விக்குறியாகிவிட்டால் அவற்றை எக்கருவியாலும் திருப்ப முடியாது. எனவே மாற்றத்துக்கு முன்னரே, தமிழுள்ள ஒவ்வொரு நிரலிலும் சில பெயர்களின் பைட்டுகளை நேரே எடுத்துப் பார்த்துவிடல் வேண்டும். திரையை நம்பலாகாது.

இன்னும் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலே தட்டச்சிட்ட பதிவுகளும் நம் பக்கத்து ஏடுகளில் உண்டு. வழங்கிக்கு அவை ஆங்கில எழுத்துகளே. பதிப்பு மாற்றத்தோடு அவற்றையும் யூனிக்கோட்டாக்கிவிடுவோம் என்று ஆசை பிறக்கும். அவ்வாசையை அடக்குதல் நன்று. ஒரே இரவில் இரண்டு மாற்றம் செய்தால், மறுநாட் பிழை எம்மாற்றத்தால் வந்ததென்று எவராலும் சொல்ல இயலாது.

நாலாவது பைட்டைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. மைஎஸ்கியூஎல்லில் 'யூடிஎஃப்8' என்று பெயரிடப்பட்டிருந்த பழைய முறை மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆனால் முந்திரி, காணி, மா என நம் முன்னோர் வழங்கிய பின்னக் குறியீடுகள் 2019இல் வெளிவந்த யூனிக்கோட் 12.0இலே தான் இடம் பெற்றன. அவற்றுக்கு நாலு பைட்டு வேண்டும். 320இல் ஒரு பங்காகிய முந்திரியை எழுத, பழைய முறையில் இடமில்லை! பழங்கணக்கேடுகளைக் கணினியில் ஏற்ற விரும்புவார் இதை மறவாதிருத்தல் நலம்.

எழுத்தைவிட நுட்பமானது எழுத்தின் வரிசை. யூனிக்கோட்டில் 'ன' என்பது 'ந'வின் அடுத்தும், 'ற' என்பது 'ர'வின் அடுத்தும், 'ள', 'ழ' ஆகியன 'வ'வுக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. வெறும் எண்வரிசையில் அடுக்கினால் கனகசபை முன்னும் கமலநாதன் பின்னும் நிற்பர். நெடுங்கணக்கின்படி மகரம் முன்னும் னகரம் இறுதியுமாதலின் கமலநாதனே முன்னிற்கவேண்டியவர். புள்ளியெழுத்தும் அவ்வாறே. எண்வரிசை 'அபிராமி'யை 'அப்பு'வுக்கு முன் வைக்கும். அகராதி வரிசை 'அப்பு'வை முன் வைக்கும். ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் வரிசை விதிகள் தனியே எழுதப்பட்டுள்ளன. போஸ்ட்கிரஸ் இவ்விதிகளை நெடுங்காலமாகத் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் இயங்குதளத்திடமிருந்தே கேட்டுப் பெற்றுவந்தது.

இங்கேதான் பெருங்குழி உள்ளது. லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நூலகமாகிய ஜிலிப்சி, 2018 ஓகஸ்டில் வந்த தன் 2.28ஆம் பதிப்பில் உலக மொழிகள் பலவற்றின் வரிசை விதிகளை ஒருங்கே மாற்றிற்று. தரவுத்தளத்தின் சுட்டி என்பது பெயர்களை வரிசையாக்கி வைத்த அகராதி போன்றது. நடுப்பக்கத்தைத் திறந்து, தேடும் பெயர் இடப்பக்கமோ வலப்பக்கமோ என்று பார்த்துப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடும் முறை அதனுடையது. அகராதி பழைய வரிசையிலும் தேடுவோன் புதிய வரிசையிலும் இருந்தால் என்னாகும்? இருக்கும் பெயரை இல்லை என்பான். இல்லை என்றதை நம்பி அதே பெயரை இரண்டாம் முறை பதிவான். இரண்டு வரக்கூடாத அடையாள எண் இரண்டாகும். பிழைச் செய்தி எதுவும் எழாது. மாதங்கள் கழித்தே வெளிப்படும். ஆதலின் வழங்கியின் பதிப்போடு இயங்குதளமும் மாறுமாயின், எழுத்துநிரல்களின் சுட்டிகளை எல்லாம் மீளக் கட்டுதல் கட்டாயம். முதல் வழியாகிய இறக்கி ஏற்றலில் சுட்டிகள் புதிதாகவே கட்டப்படுவதால் இத்தொல்லை இல்லை. அவ்வழியை நாம் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஒத்திகை. உண்மைத் தரவின் முழுப் பிரதியொன்றை வேறொரு கணினியில் ஏற்றி, மாற்றத்தை ஆதியோடந்தமாகச் செய்துபார்த்தல் வேண்டும். ஒருமுறையன்று, இருமுறையாவது. ஒவ்வொரு படிக்கும் எடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டாலன்றி, அலுவலகத்தை எத்தனை மணி நேரம் மூடுவதென்று எவரிடமும் சொல்ல முடியாது. அட்டவணைதோறும் பதிவுகளின் எண்ணிக்கையை இருபுறமும் ஒப்பிடவேண்டும். அன்றாடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்விகளைப் புதிய வழங்கியிடமும் கேட்டு, விடையும் விரைவும் முன்போல உளவா என்று பார்க்கவேண்டும். தரவின் பரவலைப் பற்றி வழங்கி சேர்த்துவைத்த புள்ளிவிவரங்கள் மேம்படுத்து கருவியின் வழியே முன்பு கடந்து வருவதில்லை. 2025இல் வந்த 18ஆம் பதிப்பிலேதான் அவற்றின் பெரும்பகுதி உடன்வரும்படி செய்தனர். பிற பதிப்புகளுக்கு மாறுவோர் அவற்றை உடனே மீளச் சேர்க்கத் தவறினால், வழங்கி குருடன் வழிகாட்டியதுபோல மெதுவான பாதையையே தேர்ந்துகொண்டிருக்கும்.

பிரதி எடுத்திருக்கின்றோம் என்பதும் பிரதியிலிருந்து மீட்டிருக்கின்றோம் என்பதும் வேறு வேறு. கிட்லாப் என்னும் உலகறிந்த நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் நாள் களைத்திருந்த பொறியியலாளர் ஒருவர் பழுதுபார்க்கையில் தவறான கணினியின் தரவுக் கோப்பகத்தை அழித்துவிட்டார். பிரதியைத் தேடினர், வைத்த இடம் வெறுமையாயிருந்தது. வழங்கி 9.6ஆம் பதிப்பு, பிரதி எடுக்கும் கருவியோ 9.2ஆம் பதிப்பாகவே ஓடியிருந்தது. பதிப்பு ஒவ்வாமையால் நாள்தோறும் அது தோற்றது. தோற்றதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் எவரையும் சென்றடையவில்லை. வேறு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்னர் தற்செயலாக எடுத்திருந்த பிரதியொன்றே அவர்களைக் காத்தது. வழங்கியை மாற்றுவோர், அதனைச் சூழ்ந்த பிரதிக் கருவிகளையும் செயலிகளின் இணைப்பு நூல்களையும் அதே பட்டியலில் எழுதவேண்டும் என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டுமோ?

நாட்குறித்தலும் திட்டத்தின் பகுதியே. சம்பளம் போடும் மாதக்கடைசியும், பரீட்சைப் புள்ளிகள் ஏறும் வாரமும் ஆகா என்பது வெளிப்படை. திருகோணமலையில் இருப்போர் வடகீழ்ப் பருவமழைக் காலத்தையும் விலக்குதல் நலம்; நள்ளிரவில் மின்சாரம் நின்று பாதிவழியில் மாற்றம் முறிவதைவிட அம்மழை ஓய்ந்தபின் அமைதியாகச் செய்யலாம். யாவரும் உறங்கும் நேரமே நல்ல நேரம் என்ற கொள்கையோடும் நமக்கு உடன்பாடில்லை. உதவிக்கு அழைக்கக்கூடியவர்கள் விழித்திருக்கும் நேரமே நல்லது. அனைத்தையும் ஒரே மூச்சில் மாற்றுவதும் பெரிய நிறுவனங்களுக்கு ஆகாது. பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளரின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய தொகுதிக்கு மாற்றியது. ஏறத்தாழ 19 இலட்சம் பேர் தம் கணக்கைத் திறக்க முடியாது நின்றனர். அதற்காக 2022இல் 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டமும் இறுத்தது.

மாற்றும் இரவில் முதலிற் செய்யவேண்டியது பழைய வழங்கியில் எவரும் எழுதாதபடி தடுத்தல். படிக்க மட்டும் விடலாம். அதன்பின் இறுதிப் பிரதி. அதன்பின் மாற்றம், எண்ணிக்கை, சோதனை. எத்தனை மணிக்குள் சோதனைகள் முடியாவிட்டால் திரும்புவது என்பதை முன்பே எழுதி, முடிவு சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அந்த ஒருவர் விசைப்பலகையில் வேலைசெய்பவராக இருத்தலாகாது. வேலையில் மூழ்கியவர் இன்னும் பத்து நிமிடம் என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

புதிய வழங்கியில் முதற் பதிவு எழுதப்பட்ட கணமே திரும்பும் வழி குறுகத் தொடங்குகின்றது. அதுவரை பழையதைத் திறந்தாற் போதும். அதன்பின் பழையதற்குத் திரும்பினால் இடையில் எழுதியவை போய்விடும். அவற்றையும் விட முடியாதெனின், புதியதில் எழுதுவனவற்றைப் பழையதற்கு அனுப்பும் எதிர்த்திசைத் தொடர்பொன்றை முன்னமே அமைக்கவேண்டும். சிறிய அலுவலகத்துக்கு அது மிகை. முதல்நாள் முழுவதும் புதிய பதிவுகளைக் கடதாசியிலும் ஒருமுறை எழுதிவைத்தால் அந்நோக்கம் நிறைவேறும். எழுதுவினைஞர் முணுமுணுப்பர், அவ்வளவே.

பழைய கணினியை எப்போது அழிப்பது? ஒரு மாதச் சம்பளமும் ஒரு தவணைப் புள்ளிப்பட்டியலும் புதியதில் முறையாக வெளிவந்தபின் அழிக்கலாம் என்பது நம் அளவுகோல். அழிக்குமுன் கடைசிப் பிரதியொன்றை வலையமைப்போடு தொடர்பில்லாத வட்டில் எடுத்து, வழங்கியின் பெயர், பதிப்பெண், எடுத்த நாள் ஆகியவற்றை மேலே எழுதி, அப்பதிப்பை நிறுவும் கோப்பையும் அதே வட்டில் வைத்தல் வேண்டும். பத்தாண்டின் பின் பழைய மாணவர் ஒருவர் தம் விடுகைப் பத்திரத்துக்காக வந்து நிற்கையில், அக்கோப்பின்றி அப்பிரதியைத் திறக்க எவராலும் இயலாது.